தெருவில் வாழும் பையன்களுக்குச் சபைக் கட்டடத்தில் இடம்: படுக்கையை எப்போது விரிப்பது?

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் பின்கட்டில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் கடற்கரைப் பக்கம் ரொட்டியும் பீன்ஸ் கறியும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அங்கே பழக்கமான பையன்களில் நான்கு பேர், 13 முதல் 16 வயதுள்ளவர்கள், எங்களோடு வந்து தங்க விரும்புகிறார்கள். ஒருவன் போதைக்காகப் பசை முகர்கிறான். இன்னொருவனுக்குச் 'சுகர்ஸ்' என்ற போதைத்தூள் பழக்கம் உண்டு. இவர்களை அழைத்துவந்து தங்கவைக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது? — ஒரு சபை மூப்பர்.

பதில்: ஐயா, உங்கள் மனத்தில் எழுந்த இரக்கம் மெய்யானது. ஆனால் அந்த அறைகளில் படுக்கை விரிப்பதை இந்த ஊழியத்தின் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் சார்ந்திருந்த ஒரு சபையில், மழை பெய்த ஒரு வாரத்தில் ஐந்து பையன்களை முன்யோசனையின்றிக் கூடத்தில் தங்கவைத்தோம். பத்தாம் நாள் மூவர் ஓடிப்போனார்கள். மற்ற இருவரையும் வேறிடம் போகச் சொல்லும் நிலைக்கு நாங்களே வந்துவிட்டோம். ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளைகளை நாங்கள் இன்னொரு முறை கைவிட்டோம். அந்தத் தவறு இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 150ஆம் பிரிவில், தெருவில் வாழ்கிற, தெருவில் வேலை செய்கிற, அல்லது பிச்சையெடுத்துப் பிழைக்கிற பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையாகக் குறிப்பிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சிறார் நீதிமன்றத்துக்கே உண்டு. சமூகப் பணியாளர் 90 நாட்களுக்குள் விசாரித்து அறிக்கை அளிக்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் தங்கவைத்தால்தானே சிறார் இல்லமாகப் பதிவுசெய்ய வேண்டும், நம்மிடம் நான்கு பேர்தானே என்று உங்கள் சபையில் யாரேனும் சொல்லக்கூடும். அந்த எண்ணிக்கை இல்லத்தின் பதிவுக்கு உரியது. பையன் ஒருவனே ஆனாலும், வளர்ப்புப் பராமரிப்புக்கு நீதிமன்ற ஆணை வேண்டும்; தற்காலிகமாக வைத்துக்கொள்வதற்கும் மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையின் ஒப்புதல் பெற்ற ஆளோ இடமோ வேண்டும். இதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பையனைத் தேடிக்கொண்டு ஒரு தாயோ பாட்டியோ எங்கேனும் இருக்கலாம். அவன் வீட்டைவிட்டு ஓடியதற்கு அந்த வீட்டிலேயே நடந்த கொடுமை காரணமாக இருக்கவும் கூடும். இவ்விரண்டில் எது உண்மை என்று விசாரித்து அறியும் பயிற்சியும் அதிகாரமும் உங்களிடம் இல்லை. சமூகப் பணியாளரிடம் இருக்கின்றன.

உங்கள் போதகர் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பிள்ளை அடிபட்டுக் காயமடைந்திருப்பதாகவோ, பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகவோ, வேண்டுமென்றே புறக்கணிக்கப்பட்டதாகவோ தகுந்த காரணத்தோடு கருதினால், அதைத் தெரிவிக்கும் கடமையை அதே சட்டத்தின் 110ஆம் பிரிவு சமய ஊழியர்மேல் சுமத்துகிறது. ஆகவே, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பையனுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "உன் பாதுகாப்புக்குத் தேவையானால், சொல்ல வேண்டியவரிடம் சொல்வேன், அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

அப்படியானால் அந்த இரண்டு அறைகளை என்ன செய்வது? பகலில் வந்துபோகும் இடமாக்கலாம். அதற்கும் சமூக மேம்பாட்டுத் துறையிடம் கேட்டுப் பதிவு பெறுங்கள். குளிக்கத் தண்ணீர், துணி துவைக்கும் தொட்டி, சூடான சாப்பாடு, பூட்டும் சாவியும் உள்ள ஒரு சிறு பெட்டி ஆகியவை போதும். கிழமையும் நேரமும் மாறவே கூடாது. அங்கே நிற்கும் முகங்களும் மாறக் கூடாது. வாரம் ஓர் ஆளாக முறைபோட்டு வருவது சபைக்கு வசதி, பையனுக்கு அது கேடு. ஆறு மாதம் தவறாமல் வரக்கூடிய நான்கு பேர் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை காத்திருங்கள். அந்த நால்வரின் பெயர்களையும் தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் சரிபார்த்தே ஆக வேண்டும், போதகருடைய மகனாக இருந்தாலும். பெரியவர் ஒருவர் பையனோடு தனித்திருக்கலாகாது. எப்போதும் இருவராக இருக்க வேண்டும்.

தெருவில் கற்ற பழக்கம் பையனைவிட்டு மெல்லத்தான் விலகும். முறைப்படி ஒப்புதல் பெற்ற ஓர் இல்லத்தில் நான் உதவிக்கொண்டிருந்தபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் காலணியைக் கழற்றாமலே படுப்பான். தலையணைக்கடியில் ரொட்டித் துண்டுகளைச் செருகி வைப்பான். தெருவில் கழற்றிய காலணி விடியும்வரை இராது. நள்ளிரவில் ஓட நேர்ந்தால் வெறுங்காலோடு ஓட முடியாது. அவன் அடங்காமல் அப்படிச் செய்கிறான் என்று ஒரு தொண்டர் கடிந்துகொண்டார். சமையல் பார்த்த அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவுதோறும் மூடியுள்ள ஒரு டப்பாவில் நான்கு துண்டு ரொட்டி வைத்து அவன் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் டப்பா தொடப்படாமல் இருந்தது. காலணி கட்டிலுக்கடியில் வர இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

போதைப் பழக்கத்தில் ஜெபத்தோடு மருத்துவமும் கட்டாயம் வேண்டும். பசையோ பெயிண்ட் தின்னரோ முகர்ந்துகொண்டிருக்கும் பையனைத் திடீரென்று அதட்டவோ துரத்தவோ கூடாது. அந்த இரசாயன ஆவி இருதயத்தை எளிதில் தடுமாறவைக்கும் நிலையில் வைத்திருக்கும். திடுக்கிட்டால் துடிப்பு ஒழுங்கு தவறி உயிரே போகலாம். அமைதியாக அருகே போய், காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். சுகர்ஸ் என்பது ஹெராயின் கலந்த தூள். அது கிடைக்காத சில மணி நேரத்தில் மூக்கொழுகலும் வியர்வையும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப் பிடிப்பு தாங்க முடியாததாகும். தெருவில் இதை 'அரோஸ்டா' என்பார்கள். அந்த வேளையில் அவனை அறையில் பூட்டிவைத்து ஜெபித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில நாட்கள் விட்டிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. ஓடிப்போய் அதே அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். அவனை ஆர்.கே. கான் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கிளினிக்குக்கோ அழைத்துச் செல்லுங்கள். சபையே சிகிச்சை நிலையம் நடத்தச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும்.

ஒழுக்கம் பற்றிய பேச்சு எழும்போது, பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழியை மூப்பர் ஒருவர் எடுத்துக்காட்டுவார். பெற்றோர் தம் பிள்ளையை அடித்ததற்குச் சொல்லிவந்த 'நியாயமான கண்டிப்பு' என்ற வாதத்தைக்கூட அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது. பிறர் பிள்ளையை அடிக்க நமக்கு எந்த இடமும் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அடிபட்டே வளர்ந்தவனுக்கு அடி எதையும் புதிதாகக் கற்றுத்தராது. அவன் திருடினால், திருடிய பொருளைத் திருப்பித்தரவும், அதற்கீடாக ஒரு வேலை செய்யவும் வழி கொடுங்கள். மறுநாள் சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். இத்தாலியின் தூரினில் பையன்களோடு வாழ்ந்த கத்தோலிக்கக் குரு தொன் போஸ்கோ, 1884இல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், அன்பு செலுத்தினால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதைப் பிள்ளைகள் தாமே உணர வேண்டும் என்று வற்புறுத்தினார். நாம் வேறு சபையாராயினும் இதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆராதனைக்கு வரும்படி அழையுங்கள். ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு விலையாக்காதீர்கள். ரொட்டிக்காக ஜெபம் சொல்லப் பழகியவன், ரொட்டி வேறிடத்தில் கிடைத்ததும் ஜெபத்தை விட்டுவிடுவான். எவனையும் ஞாயிறு ஆராதனையில் மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்காதீர்கள். நன்கொடைக்காக அவன் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிள்ளையின் வழக்கு சிறார் நீதிமன்றத்தில் இருக்கும்போது, அவனை அடையாளம் காட்டும் செய்தியை நீதிமன்ற அனுமதியின்றி வெளியிடுவது குற்றம். அதற்கும் மேலாக, பதினான்கு வயதில் ஊரறியச் சொன்ன துயரக் கதையைப் பிறகு அவனால் திரும்பப் பெற முடியாது.

வரும் திங்கட்கிழமை சமூக மேம்பாட்டுத் துறையின் சாட்ஸ்வொர்த் அலுவலகத்துக்குச் சென்று, நான்கு பையன்களைப் பற்றிச் சொல்லிப் பொறுப்பான சமூகப் பணியாளரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமானால் சிறார் உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 என்ற இலவச எண் உண்டு. அடுத்த சனிக்கிழமை, அந்தச் சமூகப் பணியாளரின் பெயரைப் பையன்களிடம் சொல்லி, அவரையும் அழைத்துவரலாமா என்று அவர்களையே கேளுங்கள்.