பயனீட்டாளர் கேள்வி–பதில்: சூடான உணவும் நெகிழிப் பாத்திரமும்

கேள்வி: குடிநீர்ப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிறது. முதல் தரம் என்று எண்ணி, தினமும் அதில் வெந்நீர் ஊற்றி வேலைக்கு எடுத்துச் செல்கிறேன். சரிதானே?
– வாசகர், பிறை

பதில்: சரியில்லை. அந்த எண் தரத்தைச் சொல்வதன்று. 1988இல் அமெரிக்க நெகிழித் தொழில்துறையினர் மறுசுழற்சிக்கு வகை பிரிப்பதற்காக ஏற்படுத்திய அடையாளம். 1 என்பது பெட் (PET) என்னும் நெகிழி வகை. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அது இளகத் தொடங்கிவிடும்.

கேள்வி: ‘முழுக்க மூங்கில், நெகிழி அறவே இல்லை’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, பேரங்காடிக் கடையொன்றில் 148 ரிங்கிட்டுக்குத் தட்டுகளும் கோப்பைகளும் வாங்கினேன். சூடான புளிக்குழம்பை ஊற்றினால் மருந்து வாடை அடிக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி நான்தான் கெடுத்துவிட்டேன் என்று கூறிக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. சோறும் குழம்பும் போடுவதற்கு விற்ற தட்டில் சோறும் குழம்பும் போட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பண்டத்தின்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு; சற்று விரிவாகவே சொல்கிறேன். வழவழப்பாக, வண்ணம் ஏற்றி, பலமுறை கழுவிப் பயன்படுத்தும்படி வார்க்கப்பட்ட ‘மூங்கில்’ பாத்திரத்தில் மூங்கில் பொடியாக மட்டுமே இருக்கிறது. அந்தப் பொடியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் மெலமின் பிசின். அதாவது மெலமினும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் அசல் நெகிழி. மூங்கில் கலப்பதால் பாத்திரம் பாதுகாப்பானதாகிவிடுவதில்லை. சூடும் புளிப்பும் பட்டால் பிசின் விரைவாகச் சிதைந்து, அவ்விரு பொருள்களும் உணவில் கூடுதலாக இறங்கக்கூடும் என்பதே இதில் உள்ள சிக்கல். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020இல் இதுபற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இத்தகைய பாத்திரங்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. அங்கு விரட்டப்பட்ட சரக்கு இங்கு இலைப்படம் போட்ட பெட்டியில் இயற்கைப் பொருளென்று இரட்டை விலைக்கு அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நான் வாங்கிய மூங்கில் கோப்பை, தே தாரிக் ஊற்றி ஊற்றி உட்புறம் சொரசொரப்பாகி, இப்போது குளியலறையில் பல்துலக்கிகளைத் தாங்குகிறது. அது 39 ரிங்கிட்.

மூங்கில் கலக்காத சாதாரண மெலமினும் சூட்டுக்கு உகந்ததன்று. தைவானில் 12 பேருக்குச் சூடான நூடல்ஸ் சூப்பை மெலமின் கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் மாற்றிக் கொடுத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. மெலமின் கிண்ணத்தில் உண்டபோது அவர்களுடைய சிறுநீரில் மெலமின் பன்மடங்கு காணப்பட்டது. அந்த அளவால் நோய் வரும் என்று ஆய்வு கூறவில்லை. ஒட்டுக்கடையில் எப்போதாவது கறி மீ சாப்பிட்டவர் கலங்க வேண்டியதில்லை. மூன்று வேளையும் வீட்டில் புழங்கும் தட்டின் கதை வேறு. அதற்கு எவர்சில்வரும் பீங்கானும் இருக்கின்றன.

இனி உங்கள் பணம். பண்டத்தைப் பற்றிப் பொய்யான, திசைதிருப்பும் விவரம் தருவதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ரசீதையும் அந்த வாசகம் அச்சான பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் திரிபியூனல் என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மூன்றாண்டுகளுக்குள் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 148 ரிங்கிட்டுக்காக அலைவதா என்று விட்டுவிடாதீர்கள். எல்லாரும் அப்படி விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் அந்தக் கடை நடக்கிறது.

கேள்வி: கொதிக்கும் தே ஓவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தாபாவ் வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். தூக்குச் சட்டி கொண்டு போங்கள்.

கேள்வி: ‘பிபிஏ இல்லை’ என்று எழுதியிருந்ததால் குழந்தைக்குப் பால் போத்தலை இரு மடங்கு விலைக்கு வாங்கினோம். ஆனால் பிபிஏ ஆபத்தில்லை என்றும் சிலர் சொல்கிறார்களே?
– இளம் தம்பதியர், ஜெலுத்தோங்

பதில்: பிபிஏ என்பது கடினமான நெகிழி செய்யப் பயன்படும் ஒரு வேதிப்பொருள். மலேசியாவில் அது கலந்த பால் போத்தல்களுக்கு 2012 மார்ச்சிலிருந்தே தடை உள்ளது. சட்டப்படி இருக்கவே கூடாத ஒன்று இல்லை என்பதற்காக நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள். சர்ச்சை உண்மையானதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய அளவை முந்தையதைவிட 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தற்போதைய பயன்பாடு பாதுகாப்பானது என்ற நிலையிலேயே இருந்து வந்துள்ளது. அவர்கள் வாதிடட்டும், நீங்கள் சூட்டைக் கவனியுங்கள். பாலிபுரொப்பிலின் என்னும் பிபிஏ இல்லாத நெகிழியால் செய்த போத்தலில் 70 டிகிரி நீரை ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 160 இலட்சம் வரை நுண்நெகிழித் துகள்கள் வெளிப்படக்கூடும் என்று டப்ளின் ஆய்வாளர்கள் 2020இல் கண்டனர். அவை குழந்தையின் உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. பால்மாவைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு போத்தலில் ஊற்றுவதற்கு எந்த அறிவியலாளரின் அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ‘மக்கும்’ கோப்பைகள் பல பெட்டி வாங்கிவிட்டோம். சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?
– பந்தல் குழுவினர், பினாங்கு

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். எதனால் செய்தது என்றுகூட எழுதவில்லை. சோளமாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்னும் நெகிழி என்றால், ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் காக்கும் தொழில்முறை உர ஆலையில்தான் அது ஒழுங்காக மக்கும். பினாங்கின் புலாவ் பூரோங் குப்பைமேட்டில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. காகிதக் கோப்பை என்றால் உள்ளே பெரும்பாலும் பாலிஎத்திலின் என்னும் நெகிழிப் பூச்சு இருக்கும். மக்கும் என்று விற்ற பை, மூன்றாண்டு மண்ணில் புதைந்திருந்தும் கடைச் சாமானைத் தாங்கியதாக பிளிமத் பல்கலைக்கழகம் 2019இல் காட்டியது. பிரிக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எவர்சில்வர் குவளைகளையும் கழுவுவதற்கு நான்கு இளைஞர்களையும் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் முப்பது பருத்திப் பைகள் இருக்கின்றன. 100 ரிங்கிட்டுக்கு வாங்கினால் இன்னொன்று இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: டென்மார்க் அரசின் 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்கு ஈடாகும். முப்பதால் பெருக்கிப் பாருங்கள்.