வாறுகாலுக்குள் குடிநீர்க் குழாய்: கட்டணத்தை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோர நகராட்சி ஒன்றில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. வந்தாலும் முதல் பத்து நிமிடம் சாக்கடை நாற்றம். குழாய் வாறுகாலுக்குள்ளேயே, அதாவது சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே, போகிறது. நகராட்சியில் கேட்டால், "வாரியத்திலிருந்தே தண்ணீர் வரவில்லை" என்கிறார்கள். லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கிக் குடிக்கிறோம். கோபத்தில் ஒரு வருடமாகக் குடிநீர்க் கட்டணம் கட்டவில்லை. இப்போது இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து கேஸ் போடலாமா? - ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் பாக்கியைக் கட்டிவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் பாக்கி இருக்கும்வரை எந்த விசாரணையிலும் நகராட்சி அதையே பேசும், நாற்றத்தைப் பற்றிப் பேசாது. "சுத்தமான தண்ணீர் தராததை ஆட்சேபித்துக்கொண்டே கட்டுகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் ஆணையர் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதனால் உங்கள் உரிமை எதுவும் போய்விடாது.

நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. நாள்கணக்கில் காலியாகக் கிடக்கும் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. இணைப்பு விட்ட இடங்களில் வாறுகால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். திறந்ததும் முதல் குடத்துக்கு வருவது அதுதான். தயவுசெய்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, "வாரியம் தரவில்லை" என்ற பதில். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீரை உங்கள் ஊர்வரை கொண்டுவருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து வீட்டுக் குழாய்வரை நகராட்சியின் பொறுப்பு. ஆகவே இரண்டு இடத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வாரியத்திடம், கடந்த ஆறு மாதம் நாள்தோறும் நகராட்சிக்கு எத்தனை லிட்டர் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். நகராட்சியிடம், எத்தனை லிட்டர் பெற்றீர்கள், எங்கள் வார்டு வால்வை எந்தெந்த நாள் திறந்தீர்கள், குளோரின் அளவைப் பதிந்த பதிவேடு எங்கே என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். வாறுகாலுக்குள் குழாய் கிடப்பதற்கோ வாரியத்தைக் கைகாட்டவே முடியாது.

சரி, கேஸ் விஷயம். சிவில் கோர்ட்டுக்கு உடனே ஓடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் பிற்பாடு சேர்த்த 22-ஏ முதலான பிரிவுகளின்படி நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு. பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்குவதும் துப்புரவும் அதன் வரம்பில் நேரடியாகவே வருகின்றன. எந்த நீதிமன்றத்துக்கும் போகாத தகராறைத்தான் அது எடுத்துக்கொள்ளும். வழக்குப் போட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இங்கே சமரசம் ஆகாவிட்டாலும் அதுவே தீர்ப்புச் சொல்லலாம். அதற்கு மேல்முறையீடு இல்லை, சிவில் கோர்ட் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற வைக்கலாம். மனுவில் வெறுமனே "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதாதீர்கள். குழாயை வாறுகாலுக்கு வெளியே மாற்ற ஒரு தேதி, அதுவரை தெருவுக்கு இலவச லாரித் தண்ணீர், வால்வு திறக்கும் நாள் அட்டவணை என்று கேளுங்கள்.

இதற்காக ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

நாற்றத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. அந்தப் பிரிவில்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் திறந்த சாக்கடைக்காகப் போராடினார்கள். "பணம் இல்லை" என்ற நகராட்சியின் வாதத்தை 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு ஏற்கவில்லை. உங்கள் நகராட்சியும் நிதி இல்லை என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

அப்புறம், சாட்சியம். தண்ணீர் வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குழாய் கிடக்கும் இடத்தை வீடியோ எடுங்கள். லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தை எழுதி வையுங்கள். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்திருந்தால் மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கு வீட்டுப் பாட்டில் ஆகாது. பரிசோதனைக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே ஒப்படையுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லியில், மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், அந்த அறிக்கையை மக்கள் நீதிமன்ற மனு, கோட்டாட்சியர் மனு இரண்டிலும் முதல் ஆவணமாக இணையுங்கள்.

நோட்டீஸில் குறித்த கெடுத் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.