காட்டோர முகாமுக்கு நாயைக் கூட்டிப் போகலாமா? கேள்வி பதில்

ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களும், முகாம் நடத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோவை வாசகர்: சுற்றி வளைக்காமல் கேட்கிறேன் சார். முகாமில் நாயை அனுமதிக்கலாமா, கூடாதா?

இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வேலி போட்ட தோட்டம், ஊரை ஒட்டிய பண்ணை என்றால் கயிற்றோடு வரட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் காடு தொடங்குகிறது என்றால் வேண்டாம். முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி மனிதர் நுழைவதையே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது.

"என் நாய் சாது, யாரையும் கடிக்காது" என்று பலர் வாதாடுகிறார்கள். கடியைவிட நோய்தான் பெரிய கவலை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நச்சுயிரி 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் ஏறக்குறைய 1,000 சிங்கங்களைக் கொன்றது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டிலும் அதே நச்சுயிரியால் சிங்கங்கள் செத்தன. நம் மலைகளின் செந்நாயோ நாய்க் குடும்பத்தையே சேர்ந்தது. தடுப்பூசி போட்ட நாயிடமிருந்து டிஸ்டெம்பர் பரவும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் உண்ணியும் சொறிப் பூச்சியும் தடுப்பூசிக்குக் கட்டுப்படாதவை.

ராஜபாளையம் வளர்ப்பவர்: எங்கள் நாய் கூப்பிட்டால் உடனே வந்துவிடும். கொஞ்ச நேரம் அவிழ்த்து விட்டால் என்ன டாக்டர்?

வீட்டு வாசலில் வரும். முயலோ புள்ளிமானோ கண்ணில் பட்டால் வராது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் பார்வையால் வேட்டையாட வளர்க்கப்பட்ட இனங்கள். இரையைப் பார்த்துப் பாய்ந்துவிட்ட பிறகு உங்கள் குரல் அதற்கு எட்டாது.

யானையும் காட்டெருமையும் இருக்கும் பகுதியில் இன்னொரு ஆபத்து உண்டு. நாய் ஓடிப்போய்க் குரைக்கும். யானை திரும்பித் துரத்தும். பயந்த நாய் எங்கே ஓடும்? நேரே உங்களிடம்தான். யானையும் பின்னாலேயே வரும். காட்டோரத்தில் நாயை அவிழ்த்து விடாதே என்று மலைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

அதே வாசகர்: அப்படியானால் எப்படிக் கட்டுவது?

கழுத்துப்பட்டையில் கட்டினால் துள்ளும்போது கழுத்து இறுகும், இல்லையென்றால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். தரையில் திருகி இறக்கும் முளை 40 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். பாறைத் தரை என்றால் மரத்தில் அகலமான நாடாப் பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டலாம். கயிறு 2 மீட்டர் போதும். அதைவிட நீளம் விட்டால் நாய் ஓடி வேகம் எடுத்து, கயிற்றின் முனையில் வெட்டி இழுபட்டு அடிபடும். கடித்து அறுக்கிற நாய்க்கு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு. கயிறு முழுதாக நீண்டாலும் அடுப்புக்கும் நாய்க்கும் நடுவே 3 மீட்டர் இருக்க வேண்டும். கூடாரத்துக் கயிற்றிலோ நாற்காலிக் காலிலோ கட்டாதீர்கள், ஒரே இழுப்பில் எல்லாம் சாயும்.

திண்டுக்கல் வாசகி: ராத்திரி வெளியே கட்டிப் போட்டால் காவலாக இருக்குமே?

வேண்டாம் அம்மா. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. கட்டிக் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது. பொழுது சாய்வதற்குள் நடையை முடித்து, இரவு முழுக்க உங்களோடு கூடாரத்துக்குள் படுக்க வையுங்கள். தின்று மிஞ்சிய சோறும் எலும்பும் வெளியே கிடக்கக் கூடாது. அந்த வாடைக்குக் காட்டுப்பன்றியும் கரடியும் வரும்.

ஏலகிரியில் முகாம் நடத்துபவர்: நாயோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். என்ன விதி வைக்கலாம்?

முதலில் இடத்தைப் பிரியுங்கள். நாயோடு வருகிறவர்களுக்கு ஓர் ஓரம், மற்றவர்களுக்கு வேறோர் ஓரம். சாப்பிடும் கொட்டகைக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நாய் வரக் கூடாது. நாய்ப் பகுதிக்குக் கம்பிவலை வேலி 5 அடி உயரம் வேண்டும். அதன் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணுக்குள் புதையுங்கள், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு வெளியேறும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வையுங்கள். பல முகாம்களில் நாய் தப்புவது ஒற்றைக் கதவு திறக்கிற நேரத்தில்தான்.

வாசலிலேயே தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். வெறிநோய் ஊசி ஓராண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். அதுவே முதல் ஊசி என்றால் 21 நாளாவது கழிந்திருக்க வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ (ரத்தக் கழிச்சல் நோய்), லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசிகளும் அட்டையில் இருக்க வேண்டும். 16 வாரம் ஆகாத குட்டிக்கும், சூட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டை நாய்க்கும் அனுமதி வேண்டாம். ஒரு சூட்டு நாய் வந்தால் ஊர் நாய்கள் எல்லாம் வேலிக்கு வந்து, அன்று யாருக்கும் தூக்கம் இருக்காது.

மலத்தை அன்றன்றே அள்ளச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாய்க் குடலின் உருண்டைப் புழு முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அன்றே அள்ளினால் இடம் சுத்தமாக இருக்கும். விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு வந்து மண்ணில் விளையாடும் குழந்தைக்குத் தொற்றும். அள்ளியதைக் காய்கறித் தோட்ட உரக்குழியில் போடாதீர்கள், மூடியுள்ள தனித் தொட்டியில் சேருங்கள்.

உங்கள் முகாமிலேயே சுற்றும் நாய்களையும் மறக்காதீர்கள். விருந்தாளி நாய்க்கு அட்டை கேட்டுவிட்டு, சொந்த நாய்க்கு ஊசியும் கருத்தடையும் செய்யாமல் விட்டால் விதி வைத்துப் பயனில்லை.

சென்னை வாசகர்: குழந்தையோடு வருகிறோம். நாய் இருக்கும் முகாம் வேண்டாம் என்று கேட்பது தவறா?

தவறே இல்லை. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், பதில் சொல்வது முகாமின் கடமை. எங்காவது நாய் கடித்தோ பல் பட்டுக் கீறியோ விட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, கட்டுப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்குள் போடும் வெறிநோய் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் கேளுங்கள். "ஊசி போட்ட நாய்தான்" என்று உரிமையாளர் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சேலம் வாசகர்: உண்ணிக்கு என்ன செய்யலாம்? மாத்திரை கொடுத்தால் போதுமா?

மாத்திரை மட்டும் போதாது. புளூரலானர் மாத்திரை 12 வாரம் வேலை செய்யும், ஆனால் உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். உண்ணியால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஏறிவிடலாம். ஆகவே கடிக்க விடாமல் விரட்டும் மருந்துக் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போடுங்கள். பட்டையின் மருந்து உடல் முழுக்கப் பரவச் சில நாள் ஆகும் என்பதால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். வலிப்பு வரும் நாய்க்கு இந்த மாத்திரை வேண்டாம், மருத்துவரைக் கேட்டு வேறு வழி பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் உண்ணி விரட்டும் பெர்மெத்ரின் மருந்து ஆகாது, பூனைக்கு அது விஷம்.

லெப்டோ ஊசி முதல் தடவை என்றால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

வால்பாறை போகிறவர்: ஓடையில் தண்ணீர் குடிக்க விடலாமா? அட்டைப்பூச்சி பற்றியும் சொல்லுங்கள்.

விடாதீர்கள். எலி, பன்றிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோ இருக்கும். மூக்கில் ஏறும் அட்டையும் உண்டு. நாய் நீர் குடிக்கும்போது உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் ஒழுகுவது, விடாமல் தும்முவது அதன் அடையாளம். மூக்குக்குள் உப்போ எண்ணெயோ விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் ஒட்டிய அட்டையை நகத்தால் தள்ளி எடுத்தாலே போதும். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 60 மி.லி. கணக்கு, நடை அதிகம் என்றால் இரட்டிப்பு.

மதுரை வாசகி: பாம்பு கடித்தால்?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். மலைக்காட்டுக் குழிவிரியன் விஷத்துக்கு அது வேலை செய்யாது. போகும் ஊரில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: தீமூட்டிச் சுடும் கறி, சோளம் கொடுக்கலாமா?

மசாலா தடவாத வெந்த கறி கொஞ்சம் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு ஊறியது வேண்டாம், அது ரத்த அணுவை உடைக்கும். மிக முக்கியம், தின்று போட்ட சோளக் கதிரின் நடுத்தண்டு. நாய் அதைத் துண்டு துண்டாக விழுங்கும், செரிக்காது, குடலை அடைக்கும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். கறி குத்திய குச்சியும் அப்படித்தான், கொழுப்பு வாடைக்கு முழுசாக விழுங்கும். சோளத்தைத் தின்று முடித்த கையோடு தண்டை மூடியுள்ள வாளியில் போடுங்கள்.

திருப்பூர் வாசகர்: வியூ பாயிண்ட் பார்க்கும் நேரம் காரில் விட்டுப் போகலாமா?

கூடாது. வெளியே 29 டிகிரி இருந்தாலே பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40 டிகிரி தொடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது உதவாது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் உயிரைக் குடிக்கும்.

சேலம் வாசகர் மீண்டும்: திரும்பி வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

அன்றே காதுமடல், விரலிடுக்கு, அக்குள், வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்போ எண்ணெயோ வைக்கக் கூடாது. பிறகு மூன்று வாரம் கண்காணியுங்கள். சோர்வு, சாப்பிடாமை, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்து, "மலைக்குப் போய் வந்தோம்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் 28 நாள் தருவார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும். அத்தோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், 28 நாளும் கொடுங்கள்.