அப்பாவின் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி

அன்புள்ள ஐயா,

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்த யாழ்ப்பாணத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு காலத்தில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று வகுப்பெடுத்த, அந்தக் கூட்டணியின் தலைமைக் கட்சியான ஜே.வி.பி., 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதை எதிர்க்கட்சிகள் இன்னமும் சொல்லிக்காட்டுகின்றன. அமெரிக்க வரி, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள், சீனாவின் எதிர்பார்ப்பு என்று அரசைச் சுற்றி எத்தனையோ நெருக்கடிகள். இந்த நேரத்தில் தமிழர்கள் அரசியலமைப்பு, மாகாண சபை என்று எழுப்புவது ஓர் இடதுசாரி அரசைப் பலவீனப்படுத்தாதா? இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியில் கடைசிவரை இருந்த என் அப்பப்பா, அக்கட்சியும் பங்கேற்ற 1970 அரசாங்கத்தை உள்ளும் வெளியும் சேர்ந்துதான் கவிழ்த்தன என்று சொல்வார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை வாசித்தது உங்கள் அப்பப்பாவுக்காக. யாழ்ப்பாணத்தில் சமசமாஜக் கட்சிக்காரராக இருந்து, ஊரின் ஏச்சையும் உறவினரின் முகச்சுழிப்பையும் தாங்கிக்கொண்டு, சாதிக்கு எதிராகவும் சம்பளத்துக்காகவும் போராடிய அந்தத் தலைமுறையை நான் அறிவேன். என் தந்தையும் அவர்களில் ஒருவர். அவருடைய குறிப்பேடு ஒன்றைச் சில வாரங்களாக மேசையில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணியிருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

இந்திய உடன்படிக்கையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 1971 கிளர்ச்சிக்கு முன் தன் உறுப்பினர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றாக இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் போதித்த கட்சி, கிளர்ச்சி தொடங்கிய அதே ஏப்ரல் 5ஆம் திகதியில், 54 ஆண்டுகள் கழித்து டில்லியுடன் கைகுலுக்கியது என்பது வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய செய்திதான். ஆனால் கட்சிகள் மாறுவது குற்றமல்ல. உடன்படிக்கையின் வாசகத்தைக் கையெழுத்தான வேளையிலேயே மக்கள் முன் வைக்கவில்லை என்பதுதான் குறை. அதைக் கேட்பது எதிர்க்கட்சியின் வேலை. அமெரிக்கா 44 சதவீதம் என்று அறிவித்த வரி பேச்சுவார்த்தைக்குப் பிறகு 20 சதவீதமாக இறங்கியது. எந்த அரசு இருந்திருந்தாலும் அந்த மேசைக்குப் போய்த்தான் இருக்கும். இவற்றை விட்டுவிடுவோம்.

நான் விட முடியாதது உங்கள் நான்காவது வாக்கியத்தை. ‘இந்த நேரத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த இளைஞர் நீங்கள். இந்தச் சொல்லின் வயது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பத்து வயதிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

1970 மே மாதத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி, தெரிவு செய்யப்பட்ட 151 இடங்களில் 116ஐ வென்றது. அதில் சமசமாஜக் கட்சிக்கு 19, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6. சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா நிதியமைச்சர். அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டத்துறைக்கும் அரசியலமைப்பு அலுவல்களுக்கும் அமைச்சர். ஓராண்டு நிறைவதற்கு முன்பே ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, எகிப்து ஆகிய எல்லா நாடுகளிடமிருந்தும் உதவி வந்தது. வட கொரியத் தூதரகத்தினர் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்குப் பாகிஸ்தானுக்குச் செல்லும் பாகிஸ்தானிய விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிச் சென்றதால் டில்லிக்கு மனக்கசப்பு இருந்தது. அதே டில்லிதான் சில வாரங்களில் ஹெலிகொப்டர்களை அனுப்பியது. பிறகு 1973இல் எண்ணெய் விலை ஏறியது, உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியது. உங்கள் அப்பப்பா சொன்ன ‘வெளி’ உண்மையானது. நான் அதை மறுக்கவில்லை.

அந்த ‘வெளி’ எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். கிளிநொச்சியில் இருந்த மாமி வீட்டிலிருந்து அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா மாமி கொடுத்த அரிசியைத் தலையணை உறைக்குள் கட்டி, அதை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, தூங்குவதுபோல் சாய்ந்திருக்கச் சொன்னார். ஆனையிறவில் பஸ் நின்றது. சோதனைக்கு ஏறியவர் கூர்மையான கம்பியொன்றால் ஒவ்வொரு பையையும் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கம்பி தலையணைக்குள் இறங்கியது. வெளியே இழுத்தபோது அரிசி கோடாக வழிந்து இருக்கையின் மேல் கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வீட்டுக்கு வரும்வரை அம்மா இருக்கையிடுக்கில் சிக்கியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தார்.

அன்றிரவு அப்பா, “ஏகாதிபத்தியம் நெருக்குகிறது, நாங்கள்தான் பொறுக்க வேண்டும்” என்றார். அம்மா பதில் சொல்லாமல் மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்தார். அப்பா சொன்னது அரிசியைப் பொறுத்தவரை நியாயம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர்களுக்குச் சில ஆண்டுகள் நல்ல காலம் பிறந்ததையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதே சொற்களை அவர் 1972 மே மாதம் வந்த அரசியல் யாப்புக்கும் சொன்னார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். 1956இல் தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில் கொல்வின் பேசியதன் சாரத்தை அப்பா சிவப்பு மையில் எழுதி, இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார்: இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையும் சமசமாஜக் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. அப்பா அந்தக் கட்சியைத் தேடிப் போனதற்கு அந்த இரண்டு நாட்களே காரணம். பத்து ஆண்டுகள் கழிகின்றன. 1966 ஜனவரியில் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது அதே கட்சி கொழும்பு வீதியில் எதிர்த்து ஊர்வலம் போனது. “டட்லியின் வயிற்றில் மசால வடை” என்று, தமிழருக்கு இணங்கிவிட்டார் எனக் கேலி செய்த கோஷம் எழுந்ததும் அந்த எதிர்ப்பில்தான். அந்த ஆண்டுப் பக்கங்களில் அப்பா எதுவும் எழுதவில்லை.

பிறகு 1972 மே 22. நவரங்கஹலவில் கூடிய அரசியலமைப்புப் பேரவை குடியரசை அறிவித்தது. யாப்பின் சிற்பி கொல்வின். ஆறாவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. ஏழாவது உறுப்புரை, 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிங்களமே அரச கரும மொழி என்றது. எந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த மனிதர் அன்று பேசினாரோ, அதே சட்டம் அவர் கையாலேயே யாப்புக்குள் ஏறியது. தம்பி, எட்டாவது உறுப்புரையைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்து வாசியுங்கள். தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகளை யாப்பின் ஏற்பாடாகக் கொள்ளக் கூடாது, அவை கீழ்நிலைச் சட்டவாக்கம் மட்டுமே என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். விட்டுப்போனது என்று சொல்ல முடியாது. சட்டமறிந்த ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, தமிழ் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று குறித்த வாக்கியம் அது. அதுவரை இருந்த சோல்பரி யாப்பில், சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த 29ஆம் பிரிவு கைவிடப்பட்டது. அது பெரிய காப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் மலையகத்தவரை அது காப்பாற்றவில்லை. ஆனாலும் இருந்த ஒரு வேலியைப் பிடுங்கியவர்கள் இடதுசாரிகள். தமிழரசுக் கட்சி 1971 ஜூனில், மொழி குறித்த திருத்தம் தோற்ற பிறகே பேரவையை விட்டு வெளியேறியது. பேச வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் ‘நேரம்’ என்ற வாதம் நொறுங்குகிறது. எண்ணெய் விலையா ஏழாவது உறுப்புரையை எழுதியது? வாஷிங்டனா எட்டாவதை எழுதச் சொன்னது? 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மாணவர் 229 புள்ளி பெற்றால் போதும், தமிழ் மாணவர் 250 பெற வேண்டும் என்று வகுத்ததற்கு எந்த அந்நிய அழுத்தம் காரணம்? மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையில் இருந்தது. வெளியிலிருந்து எவரும் தடுக்கவில்லை. நெருக்கடி அவர்கள் கையைக் கட்டியது பொருளாதாரத்தில். மொழியில் அவர்கள் கை கட்டற்றுத்தான் இருந்தது. கட்டற்ற கையால் எதை எழுதினார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஓர் அரசை அளக்க முடியும்.

கவிழ்த்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1975 செப்டெம்பரில் சமசமாஜ அமைச்சர்களை வெளியேற்றியவர் அவர்களுடைய பிரதமரே. 1977 ஜூலையில் மக்கள் வாக்களித்தார்கள். சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. இடையில், 1976 மே மாதம், தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்துவிட்டது. இதற்கெல்லாம் சதி என்று பெயர் வைப்பது உங்கள் அப்பப்பாவைப் போன்ற நேர்மையான மனிதர்கள் தங்கள் வலியைத் தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி; அந்த வழியைப் பேரன் வழிமொழிய வேண்டியதில்லை.

இன்றைய அரசுக்கு 225இல் 159 இடங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று அவர்களுடையது, நீங்களும் கொடுத்தது. மாகாண சபைத் தேர்தல் ஆண்டுக்கணக்காக நடக்கவில்லை. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை எதிர்த்து 2006இல் உயர் நீதிமன்றம் போய் வென்றது ஜே.வி.பி.தான். புதிய யாப்புத் தருவோம் என்பதும் அவர்கள் கொடுத்த வாக்கு. வாக்களித்தவன் வாயை மூடிக்கொண்டால் அரசு பலம் பெறும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கேளுங்கள். வாக்களித்தவன் என்பதாலேயே உரக்கக் கேளுங்கள்.

1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை இடைத்தேர்தல் நடந்தது. யாப்பை ஏற்காமல் பதவி துறந்த தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தை எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வநாயகம் 16,000க்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். அப்பா அன்று காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாக்களிக்கப் போனார். யாருக்கு என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குறிப்பேட்டில் அந்தத் திகதி மட்டும் இருக்கிறது. எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

உங்கள் அப்பப்பா தன் கடிதங்களையோ துண்டறிக்கைகளையோ விட்டுச் சென்றிருந்தால், 1972 மே மாதத்துக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
க.