அக்கா மகனுக்குத் தசைச் சிதைவு நோய்... எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா?

கேள்வி: அக்கா மகனுக்கு 7 வயது. டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. ரத்தத்தில் சிகே பார்த்தேன், நார்மல். கணவரும் சொந்தம் இல்லை. தைரியமாக இருக்கலாமா?

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்துத் தைரியம் சொல்ல முடியாது, சகோதரி. சிகே என்பது தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. நோயுள்ள பையனுக்குப் பல மடங்கு ஏறியிருக்கும். ஆனால் பழுதான மரபணுவைச் சுமக்கும் கேரியர் பெண்கள் பலருக்கு நார்மலாகவே இருக்கும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் கணவர் சொந்தமா, அந்நியமா என்பது இதில் பொருட்டே இல்லை.

முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, அக்கா மகனை. இந்த நோயில் பழுதாவது டிஸ்ட்ரோபின் மரபணு. அதில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள் உண்டு. எம்எல்பிஏ என்ற ரத்தப் பரிசோதனையில் எது விடுபட்டிருக்கிறது, எது இரட்டித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நோயுள்ள பையன்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு எக்ஸான் விடுபட்டதுதான் கோளாறு. அதில் ஒன்றும் சிக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடக் கூடாது; சிறு மாற்றங்களைப் பிடிக்க, மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் சீக்வென்சிங் செய்ய வேண்டும். முடிவில் ரிப்போர்ட்டில் 'எக்ஸான் 45 முதல் 50 வரை இல்லை' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அந்த வரி கையில் இருந்தால்தான் உங்களிடம் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும்.

அடுத்து அக்கா. அவரிடம் அந்த மாற்றம் இல்லையென்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பையனுக்கு இது புதிதாகத் தோன்றுவதுதான். அக்காவுக்கு மட்டும் அடுத்த கர்ப்பத்தில் சற்று ஆபத்து மிஞ்சும், சில கருமுட்டைகளில் அது ஒளிந்திருக்கலாம் என்பதால். அக்காவிடம் இருந்தாலோ, உங்கள் அம்மாவின் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் நீங்கள் சோதித்தே ஆக வேண்டும்; அவரது கருமுட்டைகளிலும் அது ஒளிந்திருக்கலாம்.

நீங்கள் கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்கவும் அதே. முதல் குழந்தை தப்பியது என்பதால் அடுத்ததற்கு வாய்ப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். இரண்டிலும் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. மாதிரியில் தாயின் செல் கலந்தால் முடிவு தவறிவிடும். அதைச் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். ஐவிஎஃப் முறையில் கருவைச் சோதித்து, நோயில்லாததைக் கருப்பையில் வைக்கவும் வழி உண்டு.

எதுவானாலும் கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பமான பிறகு பையனின் ரத்தத்தை அனுப்பிவிட்டு, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தே வாரங்களைத் தொலைக்கிறவர்கள் பலர்.

இன்னொன்று. கேரியர் பெண்கள் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகும். கேரியர் என்று தெரிந்தால் கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ எடுத்துவிடுங்கள். பிறகு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. மகனைப் பார்த்துக்கொள்வதில் தன்னை மறந்திருக்கும் அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள்.