கேமரா கேள்வி - பதில்: மிரர்லெஸ்ஸில் ஸ்கோப்

ஸ்கோப் என்ற மிக அகலமான சினிமா வடிவத்தைத் தரும் அனமார்ஃபிக் லென்ஸ்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மதுரை வாசகருக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது, அந்தக் கேள்விக்கு அது தேவைப்பட்டது.

கேள்வி: 16:9ல் எடுத்துவிட்டு எடிட்டில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்தால் ஸ்கோப் வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு அனமார்ஃபிக் லென்ஸ்?
*- திருமண வீடியோ எடுக்கும் வாசகர், திண்டுக்கல்*

அகலமான வடிவம் மட்டும்தான் வேண்டும் என்றால் பட்டையே போதும், பணத்தைச் செலவழிக்காதீர்கள். 3840க்கு 2160 படத்தை ஸ்கோப்பின் 2.39க்கு (அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு) வெட்டினால் உயரத்தில் கால்வாசி போகும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் அது தெரியப்போவதில்லை.

அனமார்ஃபிக் செய்வது வேறு வேலை. அதில் உருளை வடிவக் கண்ணாடிகள் இருக்கின்றன. அவை படத்தைப் பக்கவாட்டில் மட்டும் நெருக்கி சென்சாரில் விழவைக்கும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று 1.33 மடங்கு நெருக்கினால், உயரத்தில் அது 50 மி.மீ. லென்ஸாகவே பார்க்கும், அகலத்தில் ஏறத்தாழ 38 மி.மீ. லென்ஸ் அளவுக்கு விரிந்து பார்க்கும். முகம் 50க்குரிய நெருக்கத்தோடு நிற்க, மண்டபம் அதைவிட அகலமாகப் பின்னால் விரியும். ஃபோகஸில் இல்லாத விளக்குகள் நீள்வட்டமாகும், காரின் ஹெட்லைட்டிலிருந்து கிடையாக ஒரு கோடு ஓடும். இது எதையும் வெட்டி வரவழைக்க முடியாது.

ஹென்றி கிரேத்தியென் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1920களிலேயே இந்த லென்ஸை உருவாக்கிவிட்டார். டிவிக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தைத் தியேட்டருக்குத் திருப்பிக் கொண்டுவர ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1953ல் அதைத்தான் சினிமாஸ்கோப் என்று இறக்கியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்த ‘ராஜராஜ சோழன்’.

கேள்வி: 1.33, 1.5, 1.6, 1.8, 2 என்று ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு எண். எது நல்லது?
*- விஸ்காம் மாணவி, கோயம்புத்தூர்*

இதில் நல்லது கெட்டது இல்லை, உங்கள் கேமரா பதிவுசெய்யும் ஃபிரேமின் வடிவத்துக்கு எது பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. ஃபிரேமின் விகிதத்தை லென்ஸின் எண்ணால் பெருக்குங்கள். 16:9 என்பது 1.78. அதை 1.33ஆல் பெருக்கினால் 2.37, கச்சிதமான ஸ்கோப். அதே 16:9ல் 1.6 போட்டால் 2.84, 2 போட்டால் 3.56 என்று ரிப்பன் மாதிரி ஆகிவிடும். அதை 2.39க்குக் கொண்டுவர இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும்.

2 மடங்கு லென்ஸ்கள் உயரமான ஃபிலிம் ஃபிரேமுக்காக வந்தவை. அவற்றுக்கு 4:3ல் பதிவுசெய்யும் கேமரா பாடி வேண்டும். அப்போது 2.67 கிடைக்கும், ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும். பானாசோனிக் ஜிஎச்5ல் 4992க்கு 3744 என்று 4:3 பதிவே தனியாக இருக்கிறது. சென்சார் முழுவதையும் 3:2ல் பதிவுசெய்யும் ஓப்பன் கேட் வசதி பானாசோனிக் எஸ்5 மார்க் 2, ஃபியூஜி எக்ஸ்-எச்2எஸ் போன்றவற்றில் உண்டு. 3:2க்கு 1.6 மடங்கு லென்ஸ் போட்டால் 2.4, 4:3க்கு 1.8 போட்டாலும் 2.4. சோனி ஏ7 மார்க் 4, இசட்வி-இ10 வைத்திருப்பவர்களுக்கு வீடியோ 16:9தான், அதனால் அவர்கள் 1.33ஐ முதலில் பார்ப்பது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1.33ல் நீள்வட்டம் லேசாகத்தான் தெரியும். பழைய படங்களில் பார்த்த அந்த நீண்ட முட்டை வடிவம் வேண்டுமென்றால் 1.8, 2 பக்கம்தான் போக வேண்டும். லென்ஸை வாங்கிவிட்டுப் பாடி தேடாதீர்கள், பாடி எந்த வடிவத்தில் பதிவுசெய்கிறது என்று பார்த்துவிட்டு லென்ஸுக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் மூடிய தியேட்டரின் ஃபிலிம் புரொஜெக்டரில் இருந்த ஸ்கோப் லென்ஸ் குறைந்த விலைக்குக் கிடைத்தது. மிரர்லெஸ் கேமராவில் பொருத்த முடியுமா? நண்பர்கள் முடியாது என்கிறார்கள்.
*- குறும்படம் எடுக்கும் வாசகர், மதுரை*

முடியும். ஃபிலிமில் நெருக்கிப் பதிந்திருந்த படத்தைத் திரையில் 2 மடங்கு விரித்துக் காட்டிய லென்ஸ் அது. திரையைப் பார்த்திருந்த முகப்பை நடிகரைப் பார்க்கத் திருப்பி, பின்னால் ஒரு சாதாரண லென்ஸை வைத்தால், விரிந்த காட்சியை நெருக்கி உள்ளே அனுப்பும். பின்னால் இருக்கும் அந்த லென்ஸை டேக்கிங் லென்ஸ் என்பார்கள்.

முதலில் அது தனி அனமார்ஃபிக் பாகம்தானா என்று பாருங்கள். கையில் எடுத்து, கேமரா பக்கம் வரும் முனையில் கண்ணை வைத்துத் தெருவைப் பாருங்கள். ஆட்கள் ஒல்லியாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தால் உங்களுக்கு வேண்டியது அதுதான். வெறும் மங்கலாக இருந்தால் புரொஜெக்ஷன் லென்ஸும் உள்ளேயே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கேமராவில் பயன்படுத்துவது பெரிய வேலை. அப்புறம் பின்னாலிருந்து டார்ச் அடித்து ஃபங்கஸ் இருக்கிறதா, ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டுப்போய் வானவில் மாதிரி வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் லேசான ஃபங்கஸ் என்றால் பரவாயில்லை, பசை விட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

டேக்கிங் லென்ஸ் அகலமாகப் பார்க்கக் கூடாது, பார்த்தால் குழாயின் உட்சுவர் மூலைகளில் கறுப்பாக விழும். சென்சார் ஃபுல் ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 85 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி என்றால் 58 மி.மீ., இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 50 மி.மீ. அளவிலிருந்து தொடங்குங்கள். பழைய சோவியத் ஹீலியோஸ் 44, 58 மி.மீ., இதற்காகவே உலகம் முழுக்கத் தேடி வாங்கப்படுகிறது. முன்கண்ணாடி பெரிதாக இல்லாத எந்தப் பழைய மேனுவல் லென்ஸும் ஆகும். இரண்டையும் எவ்வளவு ஒட்டி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. இணைக்கும் கிளாம்ப் ஆன்லைனில் கிடைக்கும், இல்லையென்றால் குழாயின் விட்டத்தை அளந்து கொடுத்தால் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். புரொஜெக்டர் லென்ஸ்கள் கனமானவை, ஒரு கிலோவைத் தாண்டுபவை நிறைய உண்டு. அந்தக் கனத்தை டேக்கிங் லென்ஸின் முன் திருகிலோ கேமராவின் மவுண்டிலோ தொங்கவிடவே கூடாது. கீழே ராட் போட்டு, அதில் தாங்கி வைத்து, லென்ஸ் அதன்மேல் உட்கார வேண்டும்.

பொருத்தியதும் நேராக இருக்கிறதா என்று சரிபார்க்க, எதிரே செல்போன் டார்ச்சை எரியவிட்டுக் கோடு கிடைமட்டமாக ஓடும்வரை முன்பாகத்தைத் திருப்பி இறுக்குங்கள். ஒரு துளி சாய்ந்தாலும் முகங்கள் கோணலாகும், அதை எடிட்டில் திருத்தவே முடியாது.

உங்கள் நண்பர்கள் பயப்படுவது ஃபோகஸுக்காக இருக்கும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு லென்ஸையும் தனித்தனியாக ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆனால் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. உருளைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் மட்டும்தான் சக்தி, மேலும் கீழுமாக அது வெறும் கண்ணாடி. அதனால் கிடைக்கோடுகளின் தெளிவு டேக்கிங் லென்ஸைப் பொறுத்தது, நிலைக்கோடுகளின் தெளிவுக்கு முன்பாகமும் சேர வேண்டும். ஆள் நிற்கும் தூரத்தில் ஒரு ஜன்னல் கம்பியையோ கட்டம் போட்ட அட்டையையோ வைத்து, முதலில் டேக்கிங் லென்ஸைத் திருப்பிக் கிடைக்கோடுகளைத் தெளிவாக்குங்கள், பிறகு முன்பாகத்தைத் திருப்பி நிலைக்கோடுகளைத் தெளிவாக்குங்கள். இரண்டு வளையத்திலும் டேப் ஒட்டி அந்தத் தூரத்தைக் குறித்துக்கொண்டால் அடுத்த ஷாட்டுக்கு உதவும். அப்பர்ச்சரை எஃப் 4 பக்கம் வையுங்கள், முழுக்கத் திறந்தால் 2 மடங்கு புரொஜெக்டர் லென்ஸ்கள் பெரும்பாலும் மசமசவென்று இருக்கும்.

நடிகர் நடந்து வரும் ஷாட்டை இப்படி எடுக்க முடியாது. அதற்கு இரண்டையும் இன்ஃபினிட்டியில் பூட்டிவிட்டு, முன்னால் ரேபிடோ அல்லது எஸ்எல்ஆர் மேஜிக் ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி ஒரு சிங்கிள் ஃபோகஸ் பாகத்தை மாட்டுவார்கள், அப்போது ஒரே வளையம்தான். ஆனால் உங்கள் லென்ஸின் முகப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் மூலைகள் மறையும், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்றால் டயாப்டர், அதாவது முன்னால் மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடி, போதும். இரண்டு லென்ஸும் இன்ஃபினிட்டியில் இருக்க, முன்னால் +0.5 வைத்தால் 2 மீட்டரில் ஃபோகஸ், +0.25 வைத்தால் 4 மீட்டரில், +1 என்றால் 1 மீட்டரில். ஷாட்டை அந்தத் தூரங்களுக்கு ஏற்றபடி யோசித்தால் ஒரு குறும்படம் முழுவதையும் எடுத்துவிடலாம். நிற்பதும் உட்கார்வதும் பேசுவதுமான காட்சிகளாக எழுதுங்கள், இந்த லென்ஸுக்கு அவை அழகாக அமையும்.

தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது இந்த லென்ஸ்கள் எடைக்குப் போயின. உங்கள் கைக்கு வந்ததாவது தப்பியதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: குளோஸ்-அப்பில் மட்டும் முகம் குண்டாகத் தெரிகிறது. லென்ஸ் பழுதா?
*- வாசகர், யாழ்ப்பாணம்*

பழுது இல்லை. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது பல அனமார்ஃபிக்குகளில் நெருக்கும் அளவு குறைந்துவிடுகிறது. நீங்கள் எல்லா ஷாட்டையும் ஒரே 2 மடங்காக விரிக்கிறீர்கள், அதனால் கன்னம் உப்புகிறது. சினிமாஸ்கோப் ஆரம்ப காலத்திலேயே ஹாலிவுட்டில் இதற்குப் பொன்னுக்கு வீங்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள். பானாவிஷன் அதைச் சரிசெய்த லென்ஸ்களைக் கொண்டுவந்ததும் நடிகர்களின் குளோஸ்-அப்புக்கு அவற்றைத்தான் கேட்டார்கள். நீங்கள் அந்த ஷாட்டை மட்டும் எடிட்டில் 1.8 அல்லது 1.85 என்று குறைவாக விரித்துப் பாருங்கள். அடுத்த முறை லென்ஸைக் கிட்டத்துக்குத் திருப்பாமல் முன்னால் டயாப்டர் போட்டு எடுங்கள், அப்போது நெருக்கம் மாறாது.

கேள்வி: பழைய எம்42 லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட எந்த அடாப்டர்? ஸ்பீட் பூஸ்டர் போட்டால் ஸ்க்வீஸ் மாறுமா?
*- வாசகர், சேலம்*

மாறாது. ஸ்பீட் பூஸ்டர் என்பது உள்ளே கண்ணாடி உள்ள அடாப்டர், அது படத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருக்குகிறது, ஸ்க்வீஸ், அதாவது பக்கவாட்டு நெருக்கம், அப்படியே இருக்கும். சாதாரணமாக மாட்ட அடாப்டருக்குள் கண்ணாடி வேண்டியதில்லை, வெறும் உலோக வளையம் போதும். எம்42 என்ற பழைய திருகு மவுண்டுக்கு லென்ஸிலிருந்து சென்சார்வரை 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும், சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப்பிலும் எல் மவுண்டிலும் 20 மி.மீ. இருக்கிறது. மிச்ச இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். ஆட்டம் கொடுக்கும் மலிவு அடாப்டரை மட்டும் தவிருங்கள், சாதாரண லென்ஸில் பொறுத்துக்கொள்ளலாம், அனமார்ஃபிக்கில் ஃபோகஸ் திருப்பும்போதெல்லாம் படமே சாயும்.

கேள்வி: திரையில் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவதால் ஃபிரேம் வைக்க முடியவில்லை. எடிட்டில் எப்படி விரிப்பது? ரீல்ஸும் கேட்கிறார்கள்.
*- ஃப்ரீலான்ஸ் கேமராமேன், திருச்சி*

பானாசோனிக் எஸ்5 மார்க் 2 போன்றவற்றில் நெருங்கிய படத்தை விரித்துக் காட்டும் டி-ஸ்க்வீஸ் டிஸ்பிளே மெனுவிலேயே இருக்கிறது. உங்கள் பாடியில் இல்லையென்றால் டி-ஸ்க்வீஸ் உள்ள வெளி மானிட்டர் வாங்குங்கள், கண்டிப்பாக வேண்டும். பாடிக்குள் ஸ்டெபிலைசர் இருந்தால் கவனம். அது ஒரே ஃபோக்கல் லெங்த்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, இந்த லென்ஸுக்கு இரண்டு இருப்பதால் ஓரங்கள் நெளியலாம். அனமார்ஃபிக் ஸ்டெபிலைசேஷன் மெனு இருந்தால் ஸ்க்வீஸ் எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் அணைத்துவிட்டு ட்ரைபாடிலோ கிம்பலிலோ எடுங்கள்.

டாவின்சி ரிசால்வில் 1.33 லென்ஸுக்கு டைம்லைனை 3840க்கு 1620 என்று வையுங்கள். அனமார்ஃபிக் கிளிப்புகளுக்கு இன்ஸ்பெக்டரில் ஸ்கேலிங்கை ஸ்ட்ரெச் என்று கொடுத்தால் சரியாக உட்காரும். ட்ரோன் ஷாட்டுகளுக்கு ஃபில் கொடுங்கள், அவற்றையும் ஸ்ட்ரெச் செய்தால் கோபுரம் குள்ளமாகிவிடும். கறுப்புப் பட்டையோடு எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள், 3840க்கு 1620ஆகவே கொடுங்கள், அகலமான செல்போன் திரையில் படம் அதிக இடத்தை நிறைக்கும்.

ரீல்ஸுக்கு இதிலிருந்து 9:16 வெட்டினால் அகலம் 911 பிக்சல்தான் மிஞ்சும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஃபிளேர் கோடு மேலும் கீழுமாக ஓடும், படமும் தேவையில்லாமல் நீளும். தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, அதனால் ரீல்ஸுக்கு சாதாரண லென்ஸோடு இரண்டாவது பாடி ஒன்றை உதவியாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.