பேக்கப் ஓடுச்சா இல்லையா? கிரான், டாஸ்க் ஷெட்யூலர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலத்துலயும் சுத்துப்பட்டுலயும் சின்னச் சின்ன கம்பெனி சர்வருங்களைப் பாத்துக்கறதுதான் நம்ம பொழப்பு. ராத்திரி தானா ஓடற வேலைங்க (லினக்ஸ்ல கிரான், விண்டோஸ்ல டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டறது) ஓடுச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு கேள்வி நிறைய வந்திருக்கு. லினக்ஸும் விண்டோஸும் மட்டும்தான் எனக்குத் தெரியும், மேக் வெச்சிருக்கறவங்க மன்னிச்சுக்கங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு: கிரான் லிஸ்டைத் திருத்த கிரான்டேப் மைனஸ் ஈ (crontab -e) அடிக்கறப்போ கண்ணைத் தொறந்துட்டு அடிங்க. ஈ-க்குப் பக்கத்து கீ ஆர். மைனஸ் ஆர் அடிச்சா ஒரு வார்த்தை கேக்காம மொத்த லிஸ்டும் அழிஞ்சிரும்.

கேள்வி (ஆத்தூர், சேகோ மில்): ஸ்கிரிப்டை கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஓடல.

பதில்: நீங்க லாகின் பண்றப்போ உங்க செட்டிங் எல்லாம் கூட வரும், கிரானுக்கு அதெல்லாம் கிடையாது. கமாண்டைத் தேடற ஃபோல்டர் லிஸ்டான பாத் (PATH) ரொம்பச் சின்னது, ரெண்டு ஃபோல்டர்தான் இருக்கும். அதனால கமாண்டுக்கெல்லாம் முழுப் பாத் எழுதுங்க, ஸ்கிரிப்ட் முதல் வரியிலயே எந்த ஃபோல்டர்ல நிக்கணுமோ அங்க போயிருங்க. தேதி போட்ட ஃபைல் பேருக்காக கிரான்டேப் வரியிலயே % போட்டிருந்தா அதுவும் உதைக்கும், கிரான் அதைப் புது வரின்னு எடுத்துக்கும், முன்னாடி ஒரு \ போடணும். கடைசியா 2>&1 போட்டு எர்ரரையும் சேத்து எல்லாத்தையும் ஒரு லாக் ஃபைலுக்கு அனுப்புங்க, பாதி வியாதி அதுலயே தெரிஞ்சிரும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு பட்டறை): தெனமும் ராத்திரி டேட்டாபேஸ் பேக்கப் ஓடுது, எர்ரர் எதுவும் வரல. அப்ப எல்லாம் சரிதானே அண்ணா?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்னைக்கு உக்காந்ததே. எர்ரர் வரலைன்னா எர்ரர் வரல, அவ்வளவுதான் அர்த்தம். நான் பாத்துக்கிட்டிருந்த ஒரு எடத்துல நடந்ததைச் சொல்றேன், தப்பு என்னோடதுதான். டேட்டாபேஸ்ல இருந்து டம்ப் (மொத்த டேட்டாவோட நகல்) எடுத்து அதை பைப் வழியா, அதாவது நேரா அடுத்த கமாண்டான ஜிஜிப்புக்குக் கொடுத்து சுருக்கி வைக்கற ஒரே வரி ஸ்கிரிப்ட். நடுவுல யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. டம்ப் அன்னைலேருந்து ஓடல, ஆனா ஜிஜிப் ஓடுச்சு, ஒண்ணுமில்லாததை அழகா சுருக்கி வெச்சுச்சு. பைப்புல கடைசியா நிக்கற கமாண்டோட எக்ஸிட் கோட் (முடியறப்போ ஜெயமா தோல்வியான்னு சொல்ற நம்பர்) தான் கணக்குல வரும், ஜிஜிப்புக்கு 0, அதாவது ஜெயம். ஒரு நாள் பழைய பில்லு ஒண்ணு வேணும்னு ஃபோல்டரைத் தொறந்தா வரிசையா எல்லா ஃபைலும் 20 பைட். வெறும் காத்தை ஜிஜிப் பண்ணா 20 பைட் தான் வரும், அந்த நம்பரை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதனால ஸ்கிரிப்ட் பாஷ்ல இருந்தா மேலயே செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் (set -o pipefail) போடுங்க, பைப்புல எது தோத்தாலும் தோல்வின்னு காட்டும். பேக்கப் முடிஞ்சதும் ஃபைல் சைஸ் நேத்தோடதுல பாதிக்குக் கீழ இருந்தா தோல்வின்னு ஸ்கிரிப்டே கத்தணும். அதுக்கும் மேல முக்கியமானது, வேலை நல்லபடியா முடிஞ்சா மட்டும் வெளிய இருக்கற ஒரு எடத்துக்கு && கர்ல் (வெப் முகவரியைக் கூப்பிடற கமாண்டு) வெச்சு ஒரு தட்டு தட்டணும். தட்டு வரலைன்னா அந்த எடம் உங்க போனை அடிக்கும். ராத்திரி பைக்ல ஏற்காடு ஏர்ற பையன்கிட்ட என்ன சொல்வோம், மேல போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுன்னுதானே? 20 கொண்டை ஊசி வளைவுல எங்கயாவது வண்டி சாஞ்சா, சாஞ்சுட்டேன்னு அவனா போன் பண்ணுவான்னு யாரும் காத்திருக்கறது இல்ல, கால் வரலைன்னா நாமதான் கெளம்பறோம். இப்படித் தட்டு வருதான்னு பாக்கறதுக்கு ஹெல்த்செக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், நீங்களே கூட நிறுவிக்கலாம், ஆனா அதே சர்வர்ல நிறுவாதீங்க, சர்வர் படுத்தா காவக்காரனும் சேந்து படுத்துருவான். வேலை 20 நிமிஷம் ஓடும்னா ஒரு மணி நேரம் தவணை கொடுங்க, இல்லைன்னா தெனம் பொய் அலாரம் அடிச்சு நீங்களே அதை ம்யூட்ல போட்டுருவீங்க.

கேள்வி (சூரமங்கலம்): எதுக்குங்க இத்தனை? தெனம் காலைல "பேக்கப் முடிந்தது"ன்னு எனக்கு மெயில் வந்துருது. போதாதா?

பதில்: வராத மெயில் யாரு கண்ணுலயும் படாதுங்கண்ணா.

கேள்வி (இளம்பிள்ளை, சேலை வியாபாரம்): ராத்திரி 2 மணிக்குன்னு போட்டேன், காலைல 7:30க்கு ஓடி கடை சிஸ்டத்தை ஸ்லோ பண்ணுது.

பதில்: சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துல இருக்கு, நம்ம நேரம் அதுக்கு 5:30 மணி முன்னாடி. 30 20 * * * னு (முதல்ல நிமிஷம், அப்புறம் மணி) போடுங்க, நம்ம ராத்திரி 2 வரும். திங்கள்கிழமை மட்டும்னு கெழமை போட்டிருந்தா அதை ஞாயிறுன்னு மாத்துங்க, அங்க இன்னும் ஞாயித்துக்கிழமை ராத்திரி 8:30 தான்.

கேள்வி (சூரமங்கலம்): நான் 9 வருஷமா மெயில்தான் பாக்கறேன். வரலைன்னா எனக்குத் தெரியாதா? என்னை என்ன தூங்குமூஞ்சின்னா நெனைக்கறீங்க?

பதில்: அய்யோ அப்படி இல்லைங்கண்ணா. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப்ல (புரோகிராம் கோடு வைக்கற தளம்) என்ன ஆச்சுன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. மெயின் டேட்டாபேஸை ஒருத்தர் தெரியாம அழிச்சிட்டாரு, சரி பேக்கப் எடுப்போம்னு போனா பேக்கப்பே இல்ல, டம்ப் எடுக்கற புரோகிராம் பழைய வெர்ஷன், ரொம்ப நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்தா மெயில் வர்ற ஏற்பாடும் இருந்துச்சுங்க! டிமார்க் (மெயில் நெசமாவே அவங்க அனுப்பினதான்னு பாக்கற முறை) சரியில்லைன்னு அந்த மெயிலெல்லாம் திரும்பிப் போயிருக்கு. வேற ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால சுமார் 6 மணி நேர டேட்டாவோட போச்சு.

கேள்வி (சூரமங்கலம்): அது தோல்வி மெயில். நான் சொல்றது வெற்றி மெயில். கேள்வியை ஒழுங்காப் படிங்க.

பதில்: சரி, அது நியாயம், ஒத்துக்கறேன். வெற்றி மெயிலும் நான் சொன்ன தட்டும் ஒரே ஜாதிதான். ஒரே வித்தியாசம், தட்டு வரலைன்னு மெஷின் பாக்குது, மெயில் வரலைன்னு நீங்க பாக்கறீங்க. நீங்க ஊருக்குப் போனா?

கேள்வி (சூரமங்கலம்): என் பொண்ணு பாப்பா.

பதில்: ஒரு வேலைக்கு பாப்பாங்க. என்கிட்ட இருக்கறது 14 சர்வர். ஒவ்வொண்ணும் தெனம் "முடிந்தது முடிந்தது"ன்னா ஒரு வாரத்துல அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

கேள்வி (ஓமலூர்): கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல ஓடல...

பதில்: முதல் பதில்.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் ஆபீஸ்): விண்டோஸ் லேப்டாப்ல டாஸ்க் ஷெட்யூலர். சில நாள் ஓடுது, சில நாள் ஓடல. மழை நாள்ல தான் அதிகம்னு கிளார்க் சொல்றாரு, அது எப்படிங்க?

பதில்: கிளார்க் கெட்டிக்காரர், அவரை விட்றாதீங்க. இடி மின்னல்னா மேல கரண்ட் போகும், லேப்டாப் பேட்டரிக்கு மாறும். டாஸ்க்குல கண்டிஷன்ஸ் டேப்பைத் தொறங்க, கரண்ட்ல இருந்தா மட்டும் ஆரம்பின்னு ஒரு டிக் தானாவே விழுந்திருக்கும், எடுத்து விடுங்க. யுபிஎஸ்ஸை யுஎஸ்பி ஒயர்ல கோத்த டெஸ்க்டாப்புக்கும் இதே கதை வரும், விண்டோஸ் அதையும் பேட்டரின்னு நெனச்சுக்கும். செட்டிங்ஸ் டேப்புல, நேரம் தவறினா முடிஞ்சவுடனே ஓட்டுன்னு இருக்கற டிக்கை போடுங்க, அது தானா விழாது. வலது பக்கம் ஹிஸ்டரியை ஆன் பண்ணுங்க, அதுவும் பொதுவா ஆஃப்ல தான் இருக்கும். லாஸ்ட் ரன் ரிசல்ட்ல 41301னு முடிஞ்சா இன்னும் ஓடிட்டிருக்கு, 41303ன்னா இதுவரைக்கும் ஓடவே இல்ல. வெறும் 0ன்னா ஸ்கிரிப்ட் 0 சொல்லுச்சு, அவ்வளவுதான், 20 பைட் கதையை மறுபடி படிங்க.

கேள்வி (ஆத்தூர், அதே மில்): ஓடுதுங்க, நன்றி! ஆனா எடைமேடை டேட்டாவை 5 நிமிஷத்துக்கு ஒருக்கா ஏத்துது, கெழங்கு சீசன்ல லாரி கூடினா ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சு எடை ரெண்டு தடவை பதியுது.

பதில்: பூட்டுப் போடற கமாண்டு ஒண்ணு இருக்கு, ஃப்ளாக் மைனஸ் என் (flock -n), அதைப் போட்டு அதுக்குள்ள ஸ்கிரிப்டை ஓட்டுங்க. முந்தினது பூட்டை வெச்சிருந்தா புதுசு சத்தமில்லாம திரும்பிப் போயிரும்.

கேள்வி (அம்மாபேட்டை): மாசத்து முதல் திங்கள் மட்டும் ஓடணும். நாள் 1-7, கெழமை 1னு போட்டேன். முதல் 7 நாளும் தெனம் ஓடுது, மத்த திங்களும் ஓடுது!

பதில்: நாளும் கெழமையும் ரெண்டுமே போட்டா கிரான் அதை "இது இல்லைன்னா அது"ன்னு எடுத்துக்கும். நாளை மட்டும் வெச்சுக்கிட்டு, இன்னைக்கு திங்களான்னு ஸ்கிரிப்டுக்குள்ள பாருங்க. திருத்தறப்போ மைனஸ் ஈ, ஆர் இல்ல.

கேள்வி (மேட்டூர்): அண்ணா கையால ஓட்டினா...

பதில்: மேல போங்க.

கேள்வி (சூரமங்கலம்): நீங்க சொன்னீங்கன்னு மெயிலை எண்ணிப் பாத்தேன். ஒரு நாள் கூட விடல. இப்ப என்ன சொல்றீங்க?

பதில்: தோத்துட்டேன்னு எழுதிக்கறேன்ண்ணா. அந்தப் பேக்கப்பை வேற ஒரு மெஷின்ல ஏத்திப் பாத்தது கடைசியா எப்போ?

கேள்வி (சூரமங்கலம்): ...பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்.